நெல் மில்லில் குடியிருக்கலாமா?

நாஞ்சில் நாட்டில் நெல் குத்தும் பழைய மில்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டு வருகின்றன. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூவும் விளைந்த வயல்கள் பல, வாழைத் தோப்பாகவும் வீட்டு மனையாகவும் ஆகிவிட்டன. நெல் குறைந்தால் மில்லுக்கு என்ன வேலை?

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்போது இதுதான் வழக்கு. அப்பா நடத்திய மில், அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் பொது. மூத்தவர் இடித்து மனை போட்டு விற்கலாம் என்கிறார். நடுவிலவர், அப்பா பெயர் எழுதிய கட்டடத்தைத் தொடக்கூடாது, பூட்டியே கிடக்கட்டும் என்கிறார். இளையவர் அதையே வீடாக்கிக் குடிபோக நினைக்கிறார். ஊரில் எல்லாரும் இளையவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். நான் அவர் பக்கம்.

மில் வீட்டுக்கு ஆகாது என்பவர்கள் உள்ளே போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். இயந்திரச் சூடும் தவிட்டுத் தூசியும் வெளியேறுவதற்காகக் கூரையை உயர்த்திக் காற்றுக்கு வழி விட்டிருப்பார்கள். மூட்டை அடுக்கவும் பெல்ட் ஓடவும் நடுவில் தாராளமாக இடம் இருக்கும். நெல் நனையாமல் இருக்க ஓட்டை நன்றாகச் சரித்து இறக்கியிருப்பார்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் பெய்யும் நம் மாவட்டத்துக்கு, வெயிலில் தகிக்கும் கான்கிரீட் மொட்டைமாடியைவிட இது தோதானது.

வெளிநாட்டில் இது புதிதல்ல. ஸ்காட்லாந்தின் கின்டயர் பகுதியில் டாங்கி மில் என்றொரு பழைய தானிய ஆலை, தண்ணீர் விசையால் ஓடியது. லாண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அமைப்பு அதைத் தங்கும் வீடாக மாற்றியிருக்கிறது. அரைக்கும் இயந்திரங்களை எடுத்தெறியாமல், அவற்றுக்கு நடுவிலேயே வாழ இடம் செய்திருக்கிறார்கள்.

நடுவிலவருக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் என்பது உங்களுக்குத் தெரியும். அல்போன்ஸ் தோதேயின் காற்றாலைக் கடிதங்கள் நூலில் (1869) கொர்னீய் என்று ஒரு கிழவர் வருவார். ஆரல்வாய்மொழியில் மின்சாரம் எடுக்கிற காற்றாலை அல்ல அவருடையது. காற்றில் கல்லைச் சுழற்றிக் கோதுமை அரைப்பது. நீராவி மில் வந்ததும் ஊரே அங்கே போய்விட்டது. ஆனாலும் இவர் ஆலை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால், கழுதைமேல் அவர் ஏற்றிய மூட்டைகளில் இருந்தது மாவு அல்ல, சுவரை இடித்த காரைமண்! ஆலையின் மானத்தைக் காக்க அந்த நடிப்பு. ஓடு சரிந்து பாம்பு குடியிருக்கும் மில்லைப் பெருமைக்காகப் பூட்டி வைப்பதும் அந்த மூட்டைதான். அப்பா பெயர் நிலைக்க வேண்டுமானால் அங்கே அடுப்பு எரிய வேண்டும்.

இளையவருக்கும் சில வார்த்தை. குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன்: முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம், பிறகுதான் வெள்ளையடிப்பு. தொழிற்கூடத்தைக் குடியிருப்பாக மாற்ற முறையாக அனுமதி வாங்குங்கள். உத்திரம் செல்லரித்திருக்கிறதா என்று நல்ல தச்சரை வைத்துத் தட்டிப் பாருங்கள். செலவு நினைத்ததைவிடக் கூடத்தான் செய்யும். பொய்க்கூரை போட்டு அந்த உயரத்தை மறைத்துவிடாதீர்கள். அதற்காகத்தானே இத்தனை பாடு.

முக்கியமாக, முன்னால் இருக்கும் களத்தைச் சுற்றி மதில் எழுப்ப வேண்டாம். கட்டடம் உங்கள் அப்பாவுடையது. ஆனால் அந்தக் களத்தில் நெல் காயப்போட்டது ஊர். இன்றைக்கு நெல் இல்லாவிட்டாலும், கொப்பரையும் நல்லமிளகும் காயப்போட அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு இடம் வேண்டும்.