க்யூஆர் அட்டை தொங்கினால் முறைசார்ந்த தொழிலா?

பாரத ஸ்டேட் வங்கியின் ஆய்வுப் பிரிவு 2021இல் ஒரு கணக்குச் சொன்னது. 2017-18இல் நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழப் பாதியாக இருந்த முறைசாராப் பொருளாதாரம் 15-20 சதவீதமாகச் சுருங்கிவிட்டதாம். பணமதிப்பிழப்புக்கும் ஜிஎஸ்டிக்கும் வக்காலத்து வாங்குவோர் இன்றும் இதைத்தான் தூக்கிப்பிடிக்கிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை.

டிஜிட்டல் பணப்பரிமாற்றம் பெருகியது அவர்கள் காட்டும் முதல் சான்று. எங்கள் தெருவுக்கு வரும் காய்கறி வண்டியிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. 'இருபது ரூபாய் பெறப்பட்டது' என்று பெட்டி கூவுகிறது. வண்டிக்கார அக்கா விடியற்காலையில் தண்டல்காரரிடம் 900 ரூபாய் வாங்கி, பொழுது சாய்வதற்குள் 1,000 ரூபாயாகத் திருப்பிக் கட்டுகிறார். காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. காசு வரும் வழி மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இ-ஷ்ரம் பதிவைச் சான்றாக்குவது அதைவிடக் கோளாறு. முறைசாராத் தொழிலாளர்களைப் பட்டியலிடவே அந்தத் தளம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உறுப்பினர்களுக்கு அதில் இடமில்லை. 30 கோடிப் பேர் பதிந்தால் அவர்கள் இருக்கிறார்கள் என்று பொருள். குறைந்துவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வது?

ஜிஎஸ்டி கட்டும் நிறுவனம் முறைசார்ந்ததுதான். அதற்கு உழைப்பவர்? திருப்பூரிலிருந்து ஏற்றுமதியாகும் பனியனுக்கு பில் சுத்தமாக இருக்கும். அதே பனியனுக்கு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் பெண்ணுக்குப் பீஸ் கணக்கில் கூலி. அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. வேளாண்மை அல்லாத துறைகளில் மாதச் சம்பளம் வாங்குவோரிலேயே பாதிக்கு மேற்பட்டோருக்கு எழுத்து ஒப்பந்தம் கிடையாது என்று அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பே சொல்கிறது.

சரி, உற்பத்தியில் பங்கு குறைந்ததாகவே வைத்துக்கொள்வோம். ஏன் குறைந்தது? கோவையில் வீட்டு முன்னறையில் ஒற்றை லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்தவர், ஊரடங்கில் இயந்திரத்தை விற்றுவிட்டுத் தினக்கூலிக்குப் போனாலும் அந்தப் பங்கு குறையும். ஒரு தொழில் முறைப்பட்டதையும் செத்துப்போனதையும் அந்தச் சதவீதம் பிரித்துக் காட்டாது. என் பெரிய மனக்குறை இதுதான்: ஒருவர் பிழைப்பு அழிந்ததைச் சாதனைக் கணக்கில் எழுதுகிறோம்.

பங்கு இருக்கட்டும், ஆட்களின் கணக்கைப் பார்ப்போம். கம்பெனியாகப் பதிவாகாத சிறுதொழில்களை அரசு நேரில் போய் மாதிரி எடுத்துக் கணக்கிடுகிறது. வேளாண்மையும் கட்டுமானமும் இதில் சேராது. 2015-16இல் அங்கே 11.13 கோடிப் பேர் வேலை செய்தார்கள். 2022-23இல் அது 10.96 கோடியாக இறங்கியது. மறு ஆண்டே 12.06 கோடி. 2015-16இல் 6.34 கோடியாக இருந்த தொழில்களும் 7.34 கோடியாகிவிட்டன. சுருங்கிவிட்டது என்று 2021இல் அறிவித்த இடத்துக்குத்தான் இத்தனை பேர் பிழைப்புத் தேடி வந்திருக்கிறார்கள்.