கோடைக்கு வாரம் ஓர் இடம்

வெயில் ஏறிவிட்டது. ஊருக்குச் செல்லும் வண்டிகளில் இடமில்லை என்று பிறருக்குச் சொல்லிச் சொல்லியே நமக்கு விடுப்பும் இல்லாது போயிற்று. “இந்தக் கொல்கத்தாவில் நமக்கு என்னப்பா இருக்கிறது?” என்று கேட்டான் நம் மகன். விடை சொல்லாமல் வாரம் ஓர் இடமாக அழைத்துச் சென்றோம். நேயர்களும் சென்று வரலாம்.

முதல் வாரம், 1814-இல் தோன்றிய இந்திய அருங்காட்சியகம். காளிகாட்டில் மெட்ரோ ஏறிப் பார்க் ஸ்ட்ரீட்டில் இறங்குக, திங்களன்று திறப்பதில்லை. பார்ஹுத் கல்வேலியை விட்டு நாம் அகலவில்லை. எகிப்திய மம்மியை விட்டுப் பையன் அகலவில்லை.

இரண்டாம் வாரம், ஜோராசாங்கோவில் தாகூர் பிறந்த இல்லம். மே 9-ஐ ஒட்டி வரும் அவர் பிறந்த நாளில் காலையிலேயே சென்றால் பாட்டுக் கேட்கலாம். மொழி புரியாதே என்று அஞ்ச வேண்டா. பிள்ளைகள் பொருள் சொல்வார்கள்.

மூன்றாம் வாரம், அலிப்பூர் தேசிய நூலகம். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை சேர்த்த நூல்கள் இங்கேதான் உள்ளன என்றோம்.

“அவர் புத்தகங்களும் ஊருக்குப் போகவில்லையா, அப்பா?” என்றான்.

நான்காம் வாரம் எங்கும் செல்லவில்லை. மாலையில் பாய் விரித்துத் தமிழ்ப் புத்தகம் ஒன்றை அவன் எழுத்துக் கூட்டி வாசித்தான். வங்கப் பாட்டுக்கு அவன் பொருள் சொன்னான் அல்லவா? தமிழுக்கு நாம் சொன்னோம்.