உடனடி கட்டட அனுமதி: உங்க வீட்டு பிளானை இனி யார் சரிபார்ப்பது?

காட்டுப்பாக்கத்தில் ஒரு கிரவுண்ட் மனை இருக்கிறது. மெட்ரோ ரயிலின் 4-வது வழித்தடமும் ஊருக்குள் வருகிறது, இனியும் தள்ளிப்போடாமல் வீட்டைக் கட்டிவிடலாம் என நினைக்கிறீர்கள். பிளான் அப்ரூவலுக்கு முன்பு மாதிரி அலைய வேண்டாம். ஆனா, ஒரு விஷயத்தில் அசந்தால் பின்னால் சிக்கல்.

என்ன திட்டம்?

சுயசான்று அடிப்படையிலான கட்டட அனுமதித் திட்டம் 2024 ஜூலை 22-ல் தமிழகத்தில் தொடங்கப்பட்டது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது அதோடு முதல் தளமும் கொண்ட வீடு கட்ட ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கும். பரிசீலனைக் கட்டணம் இல்லை. பணி முடிப்புச் சான்றும் தேவையில்லை.

ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. அதனால் உங்க மனை வரம்புக்குள் வருகிறது. ஆனால் 'எஃப்.எஸ்.ஐ 2 ஆச்சே, 4,800 சதுர அடி கட்டலாமே' என்று கணக்குப் போட்டால், அது இந்தத் திட்டத்தில் செல்லாது. வழக்கமான முறையில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

சிக்கல் எங்கே?

முன்பு அதிகாரி பார்த்துச் சொன்ன குறையை, இப்போது நீங்களே பார்க்க வேண்டும். 'எல்லாம் விதிப்படி இருக்கிறது' என்று சான்று தருவது நீங்கள். பிளான் தப்பானால் பொறுப்பும் உங்களுடையதே.

சாஃப்ட்வேர் தப்பு செய்யுமா?

1982-ல் வந்த ஆட்டோகேட், வரைபலகையை கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தது. ஆனால் அதில் போடும் சாதாரண பிளானில் சுவர் என்பது வெறும் கோடுதான். பிளானில் சுவரை அரை அடி நகர்த்தினால், தனியாக வரைந்த குறுக்குவெட்டுப் படத்தில் அது தானாக மாறாது.

ரெவிட் போன்ற 'பிம்' மென்பொருள்கள் வேறு ரகம். அங்கே வரைவது கோடு அல்ல, முழு வீட்டின் முப்பரிமாண மாதிரி. ஒரு இடத்தில் சுவரை மாற்றினால் எல்லாப் படங்களிலும், பரப்பளவுக் கணக்கிலும் மாறிவிடும்.

ஆனால் இரண்டுக்குமே உங்க மனை தெரியாது! பத்திரத்தில் 40 அடி, நிலத்தில் 39 அடி என்றால், கொடுத்த அளவைத்தான் அது வரையும். அந்த ஓரடி, பக்கத்து மனையை ஒட்டி விட வேண்டிய காலியிடத்தில் குறையலாம்.

என்ன செய்யலாம்?

* பிளான் போடும் முன் மனையின் நான்கு பக்கங்களையும், மூலைவிட்டங்களையும் அளந்து, பத்திரத்தோடும் பட்டாவோடும் ஒப்பிடுங்கள்.
* சுற்றிலும் விடும் காலியிடம், மொத்தத் தளப்பரப்பு இரண்டையும் பிளானில் காட்டச் சொல்லுங்கள்.
* அனுமதி வாங்கிய அதே பிளான்தான் மேஸ்திரி கையிலும் இருக்க வேண்டும். இடையில் மாற்றினால் விதிக்குள் வருகிறதா என்று மறுபடியும் பாருங்கள்.

அனுமதி சில நிமிடங்களில் வந்துவிடும். தப்பாக எழும்பிய சுவரை இடிக்கும் செலவு அப்படி இல்லை. டேப் பிடித்து அளக்க ஒரு மணி நேரம் ஒதுக்குவது நல்லது.