ராதாவை யாரும் கேட்கவில்லை

ஊரை விட்டு வந்தபின் ஹிந்தியைச் சினிமா பார்த்தே பழகிக்கொண்டவர்கள் நம்மில் பலர். அவர்களுக்கு ராஜ்கபூரின் 'சங்கம்' (1964) கதையைச் சொல்லத் தேவையில்லை. இளைஞர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சுந்தர் விமானப்படையில் சேர்ந்து காஷ்மீருக்குப் போகிறான். ராதாவுக்கும் தனக்கும் நடுவே யாரும் வராமல் பார்த்துக்கொள்ளும்படி நண்பன் கோபாலிடம் வாக்கு வாங்குகிறான். ராதா விரும்புவதோ கோபாலை! விமானம் விழுந்து சுந்தர் இறந்தான் என்று செய்தி வருகிறது. இருவரும் நெருங்கும் வேளையில் சுந்தர் உயிரோடு வந்து நிற்கிறான். கோபால் ஒதுங்கிக்கொள்ள, ராதா சுந்தருக்கு மனைவியாகிறாள்.

இதை நட்பின் பெருமை என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவன் ஒரு பெண்ணை ஒப்படைத்துவிட்டுப் போகிறான், வந்ததும் பெற்றுக்கொள்கிறான். எங்கள் பார்சல் ஆபீசில்கூட ரசீது கேட்போம். ராதாவாக நடித்த வைஜயந்திமாலா திருவல்லிக்கேணியில் பிறந்தவர்; இந்தப் படத்துக்காகப் பிலிம்பேர் விருது பெற்றார். நடிப்பில் குறையில்லை, கதையில்தான் குறை.

2001-இல் வந்த 'பேர்ல் ஹார்பர்' என்ற அமெரிக்கப் படத்திலும் இதே முடிச்சுத்தான். அதில் நண்பர்கள் இருவருமே விமானிகள். இங்கிலாந்துக்காகப் பறக்கப்போன ரேஃப் இறந்ததாகச் செய்தி வருகிறது. அவன் காதலி, நர்ஸ் ஈவ்லின், டேனியை நேசிக்கத் தொடங்குகிறாள். ரேஃப் திரும்பி வருகிறான். 1942 ஏப்ரலில் ஜப்பான்மீது குண்டு வீசிவிட்டுச் சீனாவில் இறங்கும்போது டேனி சாகிறான். 'சங்கம்' படத்தில் கோபால் தன்னையே சுட்டுக்கொள்கிறான். ஒருவனைச் சாகடித்துவிட்டால் அந்தப் பெண்ணைக் கேட்கவேண்டிய சங்கடம் கதாசிரியருக்கு இல்லை.

நிஜத்தில் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. காணாமற்போன நம் போர்வீரர்கள் என்று அரசு சொல்லும் 54 பேரில் பெரும்பாலோர் 1971 போரில் போனவர்கள். விமானப்படையினர் பலர். அவர்கள் யாரும் தன்னிடம் இல்லை என்றது பாகிஸ்தான். 2007-இல் உறவினர்கள் 14 பேர் அந்நாட்டுச் சிறைகளுக்கே போய்த் தேடி, வெறுங்கையோடு திரும்பினார்கள்.

ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்கிறது சட்டம். அக்கம்பக்கத்தாரின் கணக்கு வேறு. காத்திருக்கும் மனைவியைப் பத்தினி என்பார்கள். வேறொருவரை மணந்துகொள்ள நினைத்தாலோ, "நாளைக்கு அவன் வந்து நின்றால் என்ன செய்வாய்?" என்று கேட்பார்கள். கேட்பவர்கள் 'சங்கம்' பார்த்தவர்களாகத்தான் இருக்கவேண்டும்.