பிரதேச சபையில் நமக்கும் ஓர் இடம்

தேர்தல் காலம் வந்தால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் வாழும் ஒழுங்கைகளுக்குள் வாகனங்கள் நுழைவது வழமை. ஒலிபெருக்கி முழங்கும், துண்டுப்பிரசுரம் பறக்கும், பெயர் தெரியாதவர்களும் சுகம் விசாரிப்பார்கள். தேர்தல் முடிந்தபின் மாரி மழைக்கு அதே ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும். கிணறு இறைக்க ஆள் வராது. குப்பை அள்ளும் உழவு இயந்திரம் பிரதான வீதியோடு திரும்பிவிடும். அப்போது நம் மக்கள், “எங்களுக்காகக் கதைக்க ஆர் இருக்கினம்?” என்று கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னர் நாம் நம்மையே கேட்கவேண்டிய ஒன்று உண்டு. நம்மில் ஒருவர் ஏன் வேட்பாளராக நிற்கவில்லை?

இதற்குப் பயம் ஒரு காரணம். அதனை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1998 சனவரியில் யாழ்ப்பாணத்தில் பல்லாண்டுகளின் பின் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றது. மாநகர முதல்வராகத் தெரிவான திருமதி சறோஜினி யோகேஸ்வரன் அதே ஆண்டு மே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் முதல்வரான பொன். சிவபாலன் செப்டெம்பரில் குண்டு வெடிப்பில் உயிரிழந்தார். இவற்றைக் கண்ட பெற்றோர், “அரசியல் எங்களுக்கு வேண்டாம்” என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்ததில் வியப்பில்லை.

இன்னொரு காரணம் பழக்கமின்மை. முல்லைத்தீவில் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு ஆகிய இரு பிரதேச சபைகளுக்கும் 2011இல் நடைபெற வேண்டிய தேர்தல் தள்ளிப்போய், 2018இலேயே மக்கள் வாக்களித்தனர். 2023 மார்ச்சில் நாடு முழுவதற்கும் நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தலும் பணமில்லை என்று நிறுத்தப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. சபையின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். ஆகவே அடுத்த தேர்தலுக்கு ஆயத்தப்பட இதுவே தக்க காலம் என்பது எமது கருத்து.

முதலில் சபை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதில் தெளிவு வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி கிராம வீதிகள், வடிகால், சந்தை, பொதுக்கிணறு, சுகாதாரம், நூலகம், மயானம், கட்டட அனுமதி முதலியவை சபையின் கைகளில் உள்ளன. படையினர் வசமுள்ள காணியை விடுவிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. வீட்டுத்திட்டப் பெயர்ப்பட்டியல் பிரதேச செயலகத்தில் தயாராகிறது. சிறு குளங்களின் அலுவல் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியது. காணியைப் பெற்றுத் தருவேன் என்று வாக்குக் கேட்கும் வேட்பாளர் ஒன்றில் சட்டம் அறியாதவர், அல்லது அறிந்தும் மறைப்பவர். ஆனால் காணி விடப்பட்ட பின்னர் பற்றை மூடிய பாதையை யார் திறப்பது, உடைந்த மதகை யார் கட்டுவது, தோட்டத்து மரக்கறியை எந்தச் சந்தையில், எவ்வளவு வரி கொடுத்து விற்பது என்பன சபை மண்டபத்திலேதான் தீர்மானமாகின்றன. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களுக்கும், 2006இல் சம்பூரிலிருந்து எழும்பியவர்களுக்கும், திரும்பிச் சென்றபோது இது நன்கு விளங்கியிருக்கும்.

அடுத்தது வாக்காளர் இடாப்பு. எந்தச் சபைக்குப் போட்டியிட விரும்புகிறோமோ, அந்தச் சபைப் பிரதேசத்தின் இடாப்பில் நமது பெயர் இருக்க வேண்டும். இங்கேதான் இடம்பெயர்ந்தவருக்குச் சிக்கல். சொந்த ஊரில் பதிவா, தங்கியிருக்கும் ஊரில் பதிவா? இரண்டிலும் பதிய முடியாது. போரினால் இடம்பெயர்ந்தோர் சொந்த இடத்தில் பதிவதற்கென 2013இல் விசேட ஏற்பாட்டுச் சட்டமொன்று கொண்டுவரப்பட்டது நினைவிருக்கலாம். இன்று யாருக்கு எது பொருந்தும் என்பதைக் கிராம அலுவலரிடமும் மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலும் கேட்டறிய வேண்டும். எமது அபிப்பிராயம் இதுதான்: திரும்பிப்போக வழியுள்ள குடும்பம் ஊரிலே பதிவை வைத்திருக்க முயல வேண்டும். பிள்ளைகளின் படிப்பும் தொழிலும் வந்த இடத்திலேயே வேரூன்றிவிட்ட குடும்பம் அங்கே பதிந்து, அந்தச் சபையிடம் தண்ணீரும் வீதியும் கேட்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் குற்றமில்லை. எங்கும் பெயர் இல்லாமல் இருப்பதே பெரிய இழப்பு. ஆண்டுதோறும் இடாப்பு திருத்தப்படும்போது வீட்டுக்கு வரும் படிவத்தைக் கூரையில் செருகி வைக்காமல் நிரப்பிக் கொடுங்கள்.

இனி வேட்புமனு. உள்ளூராட்சித் தேர்தலில் தனியாள் ஒருவர் தனியே நிற்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியொன்றின் பட்டியலில் அல்லது சுயேச்சைக் குழுவொன்றின் பட்டியலில் சேரவேண்டும். சபைக்கு முழுவதுமாக ஒரே வேட்புமனு. அதிலே வட்டார வேட்பாளர் யாவரும் ஒரு பட்டியலிலும், மேலதிக வேட்பாளர்கள் இன்னொரு பட்டியலிலும் இடம்பெறுவர். சுயேச்சைக் குழு ஒவ்வொரு வேட்பாளருக்கும் கட்டும் கட்டுப்பணம் கட்சிக்குரியதைவிடக் கூடுதல். ஒவ்வொருவரும் சம்மதக் கையொப்பமிட்டு, அரசியலமைப்பின் 7ஆம் அட்டவணையில் உள்ள சத்தியத்தையும் செய்ய வேண்டும். பெண்களினதும் இளைஞர்களினதும் தொகை குறைந்தாலோ, தேவையான பத்திரம் இல்லாவிட்டாலோ மனு முழுவதுமே நிராகரிக்கப்படலாம். 2025இல் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி சரியான முறையில் இணைக்கப்படவில்லை என்ற காரணத்தால் பல மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. சில நீதிமன்றம் சென்றே மீண்டன. ஓடிய ஓட்டத்தில் பத்திரங்களைத் தொலைத்த நமக்கு இது முக்கியமான பாடம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றை இப்போதே எடுத்து வையுங்கள். கடைசி நாளில் அலைந்து பயனில்லை.

கையொப்பமிடும் முன் இன்னொன்றையும் விளங்கிக்கொள்ள வேண்டும். 2018 முதல் சபை ஆசனங்களில் 60 வீதம் வட்டாரங்களுக்கும் 40 வீதம் மேலதிகப் பட்டியலுக்கும் உரியன. வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் இராது. கட்சியின் அல்லது குழுவின் பெயரும் சின்னமும் மட்டுமே இருக்கும். ஒரே வாக்கு வட்டாரத்துக்கும் எண்ணப்படும், சபை முழுவதற்குமான கூட்டுத்தொகைக்கும் எண்ணப்படும். உதாரணமாக 20 ஆசனமுள்ள சபையில் ஒரு குழு பத்து வீத வாக்குகளைப் பெற்றால், ஒரு வட்டாரத்தையும் வெல்லாவிட்டாலும் ஏறத்தாழ இரண்டு ஆசனங்களைப் பெறலாம். பல வட்டாரங்களில் சிதறிக் கிடக்கும் நம் மக்களுக்கு இது ஒரு வாய்ப்பு. எந்த ஒரு வட்டாரத்திலும் நாம் பெரும்பான்மை இல்லை; ஆனால் எல்லா வட்டாரத்திலும் சிறிது சிறிதாக இருக்கிறோம்.

எனினும் அந்த இரண்டு ஆசனங்களுக்கும் யாருடைய பெயர் போகும் என்பதைத் தேர்தலின் பின்னர் கட்சிச் செயலாளரோ குழுத் தலைவரோதான் குறிப்பிடுவார். வாக்கை நாம் சேர்த்துக் கொடுக்க, ஆசனம் வேறொருவருக்குப் போகக்கூடும். ஆகவே பட்டியலில் சேருமுன் நாலு பேர் முன்னிலையில் கேளுங்கள்: என்னை எந்த வட்டாரத்தில் நிறுத்துகிறீர்கள்? வட்டாரம் தோற்றால் மேலதிக ஆசனம் யாருக்கு? பதிலை எழுத்தில் தரத் தயங்குபவரோடு அவசரப்பட்டுச் சேர வேண்டாம்.

இது பெண்களுக்கும் இளைஞருக்கும் இன்னும் பொருந்தும். 2018க்கு முன்னர் உள்ளூராட்சி உறுப்பினர்களில் பெண்கள் ஏறத்தாழ இரண்டு வீதமே. 25 வீத ஒதுக்கீடு வந்தபின் அது 20 வீதத்தைத் தாண்டியது. நல்ல மாற்றம்தான். ஆனால் மனுத்தாக்கலுக்கு இரண்டு நாளிருக்க வீட்டுக்கு வந்து, “தங்கச்சி, பெயர் மட்டும் தாருங்கோ, மிச்சத்தை நாங்கள் பார்க்கிறம்” என்று கேட்போரும் உண்டு. பெயரை மட்டும் கொடுப்பவருக்குச் சபையிலும் பெயர் மட்டுமே இருக்கும். முகாமில் தண்ணீர் வரிசையை ஒழுங்கு செய்தவர், மாதர் சங்கத்தின் கணக்கைப் பிசகின்றி வைத்திருந்தவர், நிவாரணப் பட்டியலில் விடுபட்டவருக்காகக் கச்சேரிக்கு நடந்தவர் நம்மிடையே பலர் உளர். சபைக்கு வேண்டிய பயிற்சி இவர்களிடம் ஏற்கனவே இருக்கிறது.

பிரசாரத்துக்குப் பெருந்தொகை வேண்டும் என்பது ஓரளவுக்கே உண்மை. வட்டாரம் சிறிது, நடந்தே முடிக்கலாம். கடன்பட்டு, நகை அடகு வைத்துத் தேர்தல் கேட்பதை நாம் ஆதரிக்கவில்லை. கடனோடு சபைக்குப் போகிறவர் அதனைத் தீர்க்கும் வழியை அங்கேயே தேடத் தொடங்குவார். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் செலவுக்கு எல்லை வைத்துள்ளது. முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் செலவு விபரத்தை ஒப்படைக்க வேண்டும். வென்றவர் மட்டுமல்ல, தோற்றவரும் கொடுக்க வேண்டும். தவறினால் வழக்குத் தொடரப்படும். எனவே முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பியில் வரவு செலவை எழுதி வையுங்கள்.

ஒருவர் இருவர் போய் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். 2018இலும் 2025இலும் பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அங்கே தவிசாளர் தெரிவிலும் வருடாந்தப் பாதீட்டிலும் ஓரிரு வாக்குகளுக்குப் பெறுமதி இருந்தது. அந்த வாக்கை விற்காமல், “எங்கள் பாதைக்கு இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கினீர்கள்?” என்று பாதீட்டைக் கையில் வைத்துக் கேட்கும் ஓர் உறுப்பினர் போதும், பல காரியங்கள் நகரும்.

ஆகவே இவ்வருடத்திலேயே ஒரு வேலையைத் தொடங்குங்கள். கமக்காரர் அமைப்பிலோ, சனசமூக நிலையத்திலோ, முகாம் குழுவிலோ ஒன்றுகூடி, யாருடைய பெயர் எந்த இடாப்பில் உள்ளது என ஒரு பட்டியல் எழுதுங்கள். உங்கள் பிரதேச சபையின் மாதாந்தக் கூட்டத்தைப் பார்வையாளராக இருந்து பார்க்க இருவர் அனுமதி கேளுங்கள். நம்பிக்கைக்குரிய ஒரு பெண்ணையும் ஓர் இளைஞரையும் இனங்கண்டு, அவர்களோடும் அவர்களுடைய வீட்டாரோடும் பேசுங்கள். விதைநெல்லை விதைக்கும் நாளில் எவரும் தேடுவதில்லை. முந்திய போகத்திலேயே தெரிந்து காயவைத்து எடுத்து வைப்போம். வேட்பாளரையும் அப்படியே ஆயத்தம் செய்ய வேண்டும்.