அவங்களுக்கு என்ன பிடிக்கும்?



குன்னூர் பக்கத்து ஜெகதளாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருக்கு அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. மனைவி தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். டிசம்பரில் மனைவிக்குப் பிறந்தநாள். "அன்னைக்கு ராத்திரி சமையல் என் பொறுப்பு. அவங்க அடுப்படிப் பக்கமே வரக்கூடாது. என்னென்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்.

கடிதம் வந்ததும் அலுவலகத்தில் ஆளுக்கொரு பட்டியல் போட்டோம். பிரியாணி, பன்னீர், கேக் என்று அது நீண்டுகொண்டே போனது. ஆனால், மனைவிக்கு என்ன பிடிக்கும் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இதில் அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. கணவருக்கு எது உயிர், பிள்ளைக்கு எது ஆகாது, மாமியாருக்கு எவ்வளவு காரம் என்பதெல்லாம் வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடம். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால், "எனக்கென்ன, எதுன்னாலும் சாப்பிடுவேன்" என்பார்கள். அந்தப் பதிலை நம்பாதீர்கள். மனைவியின் அம்மாவுக்கோ அக்காவுக்கோ போன் போடுங்கள். கல்யாணத்துக்கு முன் எதை அடம்பிடித்துக் கேட்டுச் சாப்பிட்டார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஜெகதளா படுகர் ஊர். எனவே பதில் ராகிக் களியும் அவரைக் குழம்பான உதக்கவும் என்று வரலாம். பண்டிகைக்குச் சுடும் பொத்திட்டு என்றும் வரலாம். 'இது வீட்டில் எப்போதும் இருப்பதுதானே' என்று ஒதுக்கிவிடாதீர்கள். தினமும் தானே கிண்டும் களியை இன்னொருவர் கிண்டிச் சுடச்சுடத் தட்டில் வைத்தால் அதன் ருசியே வேறு. அதை நடுவில் வைத்து, கூட இரண்டு மூன்று வகை செய்தால் போதும். மார்கழியில் ஹெத்தையம்மன் பண்டிகை வரும். வீட்டில் யாராவது விரதம் இருந்தால் கோழிக் குழம்பை இன்னொரு நாளைக்குத் தள்ளிவையுங்கள்.

அடுத்தது மலைக்கணக்கு. குன்னூர்ப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இங்கே ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் உலர்ந்த அவரையை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். இட்லி மாவு குளிரில் ஓர் இரவில் புளிக்காது. ஒரு நாள் முன்பே அரைத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். கேக் செய்வதானால் பேக்கிங் பவுடரைச் சற்றுக் குறையுங்கள். காற்றழுத்தம் குறைவு என்பதால் கேக் வேகமாக உப்பி, வேகுமுன் நடுவில் அமுங்கிவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், நெய்யும் சீக்கிரம் இறுகிவிடும். தட்டுகளை வெந்நீரில் அலசித் துடைத்துவிட்டுப் பரிமாறுங்கள். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடாதீர்கள். ஆள் உட்கார்ந்த பிறகு அடுப்பிலிருந்து நேரே கொண்டு வாருங்கள்.

இனிப்பு எது என்பதை மாதமே சொல்லிவிடும். மே மாதமானால் பிளம்ஸும் பீச்சும், ஜூலையானால் பர்லியார் மங்குஸ்தானும் கிடைக்கும். டிசம்பருக்கு நம் மலைக் கேரட் இருக்கிறதே, அல்வா கிளறிவிடுங்கள். பால் சுண்ட நேரமாகும் என்பதால் அதை மத்தியானமே முடித்துவிட்டு, இரவில் சூடு மட்டும் காட்டினால் போதும்.

இன்னொன்று, பாத்திரத்தையும் நீங்களே கழுவிவிடுங்கள். மறுநாள் காலையில் தொட்டி நிறையப் பாத்திரம் கிடந்தால், நீங்கள் சமைத்த களைப்பும் அவர் தலையில்தான் விழும்.

வாசகிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பிடித்த சாப்பாடு எது என்று எங்களுக்கு எழுதுங்கள். வீட்டில் மற்றவர்களுக்குப் பிடித்தது வேண்டாம், உங்களுக்குப் பிடித்தது மட்டும். அடுத்த இதழில் அவற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். அதை யார் கண்ணில் படும்படி வைப்பது என்பது உங்கள் சாமர்த்தியம்.

அன்புடன்,
ஆசிரியர்