கிணற்று நீரும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும்

பக்டீரியா என்றதும் வாந்திபேதியும் நெருப்புக்காய்ச்சலுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், நோய் செய்பவை அவற்றுள் மிகச் சிலவே. இந்த ஒற்றைக்கல உயிர்கள் இல்லையெனில் உதிர்ந்த இலை உக்காது, சாணம் எருவாகாது. ஒரு கிராம் தோட்டத்து மண்ணில் மட்டும் அவை கோடிக்கணக்கில் வாழ்கின்றன.

யாழ் குடாநாட்டில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் எருவிலும் யூரியாவிலும் உள்ள நைதரசன், மண்ணில் அமோனியாவாகிறது. அதை ஒருவகை பக்டீரியா நைத்திரைற்றாக்க, இன்னொரு வகை நைத்திரேற்றாக மாற்றுகிறது. பயிர் பெரும்பாலும் உறிஞ்சுவது இந்த நைத்திரேற்றையே.

பயிர் எடுத்தது போக மிஞ்சுவது எங்கே போகிறது? காற்றோட்டமில்லாத சேற்று நிலமாயின், வேறு பக்டீரியாக்கள் அதை வாயுவாக்கி வளிமண்டலத்துக்கே திருப்பிவிடும். நமது செம்மண்ணோ நீரை விரைவில் கீழே விட்டுவிடுகிறது. அடியில் இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். ஆகவே, மாரி மழையோடு நைத்திரேற்று நிலத்தடி நீரைச் சென்றடைகிறது. மலசலகூடக் குழிகளின் கசிவும் அதனோடு சேர்கிறது. வற்றாத ஆறொன்றும் இல்லாத குடாநாட்டில் மக்கள் காலங்காலமாக நம்பியிருப்பது கிணற்றைத்தான்.

குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டின் பல கிணறுகள் இதைத் தாண்டியிருப்பதை 1980களிலேயே ஆய்வுகள் காட்டின.

வாசகர்கள், முக்கியமாகத் தாய்மார், ஒன்றைக் கவனத்திற் கொள்ள வேண்டும். நீரைக் கொதிக்க வைத்தால் நோய்க் கிருமிகள் சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், அது உடலில் நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்வதைத் தடுக்கக்கூடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அப்படிக் கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அவ்வயதில் தாய்ப்பாலே போதுமானது, பாதுகாப்பானது. புட்டிப்பால் கொடுக்க நேரிட்டால், கிணற்று நீரை முதலில் பரிசோதித்துக் கொள்ளுங்கள். பசளையைப் பயிருக்குத் தேவையான அளவில், சிறிது சிறிதாகப் பிரித்து இடுங்கள். இடையில் பயறோ உழுந்தோ விதையுங்கள். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனையே பயிருக்கு உணவாக்கித் தரும். அதற்கு யூரியா அதிகம் தேவைப்படாது. மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து இயன்றவரை தள்ளியே அமையுங்கள்.